சாவிக்கொத்து விழும் சத்தம்

என் மாமாவுக்குக் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டும் கண்ணாடி. முப்பத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அதில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. ஜன்னல் திரைக்கு அத்தை இரண்டு துணியைக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். பிறகு முதலாவதை இன்னொரு தடவை காட்டச் சொல்வார். அத்தை துணியை அவர் தலைமேல் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அவருக்குச் சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு பைத்தியம், வீட்டு மாடியில் உள்ள படம் பார்க்கும் அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க வெள்ளைத் திரை. சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், மூலையில் அலமாரி உயரத்துக்கு, அடித்தொனியை மட்டும் முழக்கும் ஒரு சப்வூஃபர். புரொஜெக்டரின் ஒரு கால் மட்டும் குட்டை என்பதால் அதற்கடியில் ஒரு பழைய கண்ணாடிக் கூட்டின் மூடி. உட்கார, கடையில் ஒதுக்கிய காத்திருப்பு நாற்காலிகள், மூன்று மூன்றாக இரும்புச் சட்டத்தில் பிணைத்தவை. ஒருவர் இருமினால் மூன்று பேரும் குலுங்குவோம்.  திரை வெளுக்கும் முன்பு விளக்கு அணைகிற அந்த ஒரு நொடிக்காகவே நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போயிருக்கிறேன்.

சாதனங்களை எப்போது மாற்றுவது என்பதில் மாமாவுக்கு ஒரு சட்டம் உண்டு. அது கடையிலிருந்து வந்தது. "புது ஃப்ரேம் வந்துடுச்சுன்னு யாரும் கண்ணாடி மாத்தக் கூடாது. கடைசி வரி படிக்க முடியலைன்னாத்தான் மாத்தணும்." கடைசி வரி என்பது கண் சோதிக்கும் அட்டையில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருக்கும் எழுத்துகள். காதுக்கும் அப்படி ஒரு கடைசி வரியை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவரிடம் ஒரு பழைய பட டிஸ்க் இருந்தது. அதில் இரண்டு நிமிடக் காட்சி ஒன்று: ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை, தகரக் கூரையில் மழை, இரண்டு ஆண்கள் சண்டை போடுகிறார்கள், வெளியே ரயில் ஒன்று கடக்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னால், திரைக்கே வராத ஒரு மூலையில், யாரோ ஒரு சாவிக்கொத்தைத் தரையில் போட்டுவிடுகிறார்கள். வலது பின்பக்க ஸ்பீக்கரில், ரயிலின் கடைசிப் பெட்டி போனதும், ஒரு சின்னச் சத்தம். அதுதான் மாமாவின் கடைசி வரி.

வருடத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பரீட்சை. குடும்பம் மாடியில் கூட வேண்டும். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஃபோன்களையெல்லாம் வாங்கி ஒரு துண்டில் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, மாமா காட்சியை ஓட்டுவார். சாவிக்கொத்து கேட்டால் செட் பாஸ். இன்னும் ஒரு வருடம் ஓடும்.

இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு அவர் எத்தனை புயல்களைக் கடந்தார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. தொட்டி மாதிரி இருந்த டிவி தட்டையானது. டிஸ்க் மாறியது, பிறகு டிஸ்க்கே வேண்டாம், எல்லாம் இணையத்தில் வரும் என்றார்கள். படம் ஃபோர் கே ஆனது. ஐந்து ஸ்பீக்கர் ஏழாகி, ஏழும் போதாமல் கூரைக்கு ஏறியது. நடுவில் முப்பரிமாணம் என்று ஒன்று வந்தது. அதற்குக் கண்ணாடி போட வேண்டும் என்பதால் அதில் மட்டும் மாமா கொஞ்சம் சலனப்பட்டார். வந்த சுவடு தெரியாமல் அது போய்ச் சேர்ந்ததும் எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக ஃபோன் செய்து "பாத்தியா" என்றார். ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும், முதலில் கிழடு தட்டுவது ஆம்ப்ளிஃபயர்தான் என்பார். அறையைச் சரிசெய்யாமல் பெட்டியை மாற்றுவது, முகம் கழுவாமல் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி என்பார். எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம் விற்பனையாளர் அவரைப் பார்த்தாலே நாற்காலி போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார், அந்த அளவுக்கு வாங்காத வாடிக்கையாளர்.

இதில் எங்களுக்கு என்ன வந்தது என்றால், எங்கள் குடும்பத்தில் ஒரு வரிசை உண்டு. மாமா புது செட் வாங்கினால் பழையது எனக்கு வரும். என்னுடையது என் தம்பிக்குப் போகும். தம்பியுடையது மாமா கடையில் லென்ஸ் அறுத்து ஃப்ரேமில் பொருத்தும் லென்ஸ் அண்ணனுக்கு. அவர் உறவில்லை, ஆனால் இருபது வருடமாகக் கூட இருப்பதால் வரிசையில் கடைசி இடம் அவருக்கு எழுதப்பட்டிருந்தது. யாரும் தனியாக வாங்குவதில்லை. வாங்கினால் மாமா முகம் வாடும். ஆக, நான்கு வீடுகளின் சந்தோஷமும் ஒரு சாவிக்கொத்தில் தொங்கியது. அது கேட்காமல் போக வேண்டும் என்று மூன்று வீடுகள் வருடா வருடம் வேண்டிக்கொண்டிருந்தோம்.

என் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். மாமா பதினோரு வருடத்துக்கு முன் ஒதுக்கிய செட் என்னுடையது. இடது ஸ்பீக்கர் சில வசனங்களைக் கொர்ரென்று விழுங்கிவிடும். அது அப்படிச் செய்யும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் எழுந்து போய் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். அவர் பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை, ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு வந்து காலையில் தூங்குவார். அதனால் மாமாவின் பரீட்சைக்கு ஒரு வருடமும் வந்ததில்லை. இது பின்னால் எனக்கு வினையாக முடிந்தது.

இந்தக் கதை நடந்த வருடம், பரீட்சைக்கு முந்தைய மாதத்தில் மாமா கடையிலிருந்து மூன்று கண்ணாடிகள் திரும்பி வந்திருந்தன. போட்டால் தலை சுற்றுகிறது, பவர் தப்பு என்றார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், தொண்டையில் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர், கூச்ச சுபாவமுள்ள ஒரு கல்லூரிப் பெண். மாமா கடையில் கண்ணாடி திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. லென்ஸ் அறுக்கும் மெஷின் பழசாகிவிட்டது, அல்லது அதை ஓட்டுகிற ஆளுக்குக் கவனம் போய்விட்டது என்று மாமா முடிவு கட்டினார். இன்னும் ஒன்று திரும்பி வந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று லென்ஸ் அண்ணனிடம் சொல்லியும்விட்டார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே மெஷினைத் துடைத்தாராம். இருபது வருட வேலை, ஐம்பது வயதுக்கு மேல் எங்கே போய் நிற்பார்? எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மாமாவிடம் போய்ப் பேசும் தைரியம் வரவில்லை.

பரீட்சை நாள் வந்தது. வழக்கம்போல ஃபோன்கள் துண்டுக்குள் போயின. முன் வரிசையில் மாமா, அத்தை, நான். பின் வரிசையில் தம்பியும் லென்ஸ் அண்ணனும். மழை பெய்தது, இருவரும் சண்டை போட்டார்கள், ரயில் போனது. கடைசிப் பெட்டி போனதும், என் வலது தோளுக்குப் பின்னால் சாவிக்கொத்து விழுந்தது. சுத்தமாகக் கேட்டது. 'போச்சு, இந்த வருஷமும் பாஸ்' என்று நான் மனசுக்குள் அலுத்துக்கொண்டேன்.

மாமா காட்சியை நிறுத்தவில்லை. மறுபடி ஓட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு தடவை. பிறகு மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில் பயமும் ஆசையும் சேர்ந்து இருந்தன.

"யாருக்காவது கேட்டுச்சா?"

 முதலில் வாயைத் திறந்தது அத்தைதான். "எனக்கும் கேக்கலைங்க" என்றாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்குச் சமையலறையிலிருந்தே வாசல் கதவு திறப்பது கேட்கும்.

மாமா என்னைப் பார்த்தார். நான் பல் ஆஸ்பத்திரியில் முன் மேசையில் உட்காருபவள். தினமும் இரண்டு வேளை துலக்குகிறேன் என்று சொல்லும் முகங்களைப் பார்த்துப் பார்த்து, பொய் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். "கேக்கலை மாமா" என்றேன். தம்பி, நான் முடிக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டான். லென்ஸ் அண்ணன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏற்கெனவே முதலாளி கோபத்தில் இருக்கிறார், எல்லோரும் கேட்கவில்லை என்கிறார்கள், இதில் தான் ஒருவன் எதிர்த்துச் சொல்வதா என்று நினைத்திருப்பார். "தெரியலைங்க சார்" என்றார்.

மாமா எழுந்து நின்றார். பதினோரு வருடமாகக் கட்டிக் காத்த சட்டம், கடைசியில் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "அப்போ மாத்தணும்" என்றார். குரல் நடுங்கியது. சந்தோஷத்தில்தான்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வேறு பேச்சே இல்லை. மாமா ஷோரூமுக்குப் போய் "இன்னிக்கு வாங்கறேன்" என்றபோது விற்பனையாளர் நம்பாமல் எழுந்து நின்றே விட்டாராம். ஆம்ப்ளிஃபயர் புதுசு, ஒன்பது ஸ்பீக்கர் வரை ஓட்டக்கூடியது. சுற்றிலும் வைக்க ஐந்து புது ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், கூரைக்கு நாலு. புரொஜெக்டர் ஃபோர் கே. அடுத்த மாடல் ஆறு மாதத்தில் வரும் என்று விற்பனையாளர் நேர்மையாகச் சொன்னார். பழைய மாமாவாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அன்று அவர், "பசிக்கறப்ப சாப்பிடணும், நாளைக்கு வேற சமையல்னு காத்திருக்க முடியாது" என்றாராம். இதை அத்தை எனக்கு ஃபோனில் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்ததில் பாதி, என் வீட்டு இடது ஸ்பீக்கருக்கு விடுதலை என்பதற்காக.

இந்த மூன்று வாரத்துக்குள் நாலாவது கண்ணாடி திரும்பி வந்தது. மாமா லென்ஸ் அண்ணனிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

வரிசை நகர்ந்த ஞாயிறு ஒரு கல்யாணம் மாதிரி இருந்தது. தம்பி கான்கிரீட் லாரி ஓட்டுபவன், எங்கிருந்தோ ஒரு வேன் பிடித்து வந்தான். மாமா ஒவ்வொரு வயரிலும் லென்ஸ் உறையில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, வலது கண், இடது கண் என்று எழுதியிருந்தார். வலது காது, இடது காது என்று எழுதக் கூடாதா என்று தம்பி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். மாமா வீட்டிலிருந்து என் வீடு, என் வீட்டிலிருந்து தம்பி வீடு, அங்கிருந்து லென்ஸ் அண்ணன் வீடு. மாடிப்படியில் சப்வூஃபரைத் தூக்கியபோது என் வீட்டுக்காரர் தூக்கத்தையும் மறந்து கத்திக் கத்தி வழி சொன்னார். பழையதை எங்கள் ஹாலில் மாட்டி முதல் பாட்டைப் போட்டதும் நான் நிஜமாகவே குதித்தேன். நாற்பத்தோரு வயதில் குதிப்பது முழங்காலுக்கு நல்லதில்லை, இருந்தாலும் குதித்தேன்.

கடைசி வீட்டில் மட்டும் கல்யாணக் களை இல்லை. லென்ஸ் அண்ணன் பெட்டிகளை வாங்கி ஓரமாக வைத்தார். "வேலையே போகப் போவுது, இதை வெச்சு என்னம்மா கேக்கறது" என்றார் என்னிடம், குறையாகச் சொல்லாமல், சும்மா சொல்வதுபோல். 

சாயங்காலம் மாமா வீட்டு மாடியில் புது செட்டுக்கு முதல் பரீட்சை. அறையை அளக்கும் சின்ன மைக்கை நடு நாற்காலியில் நிறுத்தி, செட் கூவிக் கூவித் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு படியில் நின்றோம். பிறகு மழை பெய்தது. இந்தத் தடவை கூரையிலிருந்தே பெய்தது. தம்பி அனிச்சையாக அண்ணாந்து பார்த்தான். ரயில் ஒரு சுவரிலிருந்து புறப்பட்டு எங்கள் தலைகளுக்கு மேலாக இன்னொரு சுவருக்குள் போனது.  கடைசிப் பெட்டி போனது. சாவிக்கொத்து பக்கத்து நாற்காலியில் விழுந்த மாதிரி விழுந்தது.

மாமா காட்சியைத் திரும்ப ஓட்டினார். மறுபடியும். பிறகு டிஸ்கை எடுத்து லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடியும்.

"டிஸ்க்தான் போயிடுச்சு" என்றார். "இல்லைன்னா இது டூப்ளிகேட் பெட்டி."

அன்று பொய் சொன்னவர்கள் இன்று என்ன சொல்ல முடியும்? 'கேட்டது' என்றால் எப்போதிலிருந்து என்று கேட்பார். அத்தை மட்டும், டிஸ்க் தப்பா பெட்டி தப்பா என்று தெரிய வேண்டுமானால் பழைய பெட்டியில் போட்டுப் பாருங்களேன் என்று நிதானமாகச் சொன்னாள். பழைய பெட்டி என் வீட்டில் இருந்தது. மாமா அப்போதே டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் ஹாலில் வயர்கள் இன்னும் தரையில் கிடந்தன. என் வீட்டுக்காரர் சோபாவில் காலை நீட்டி, ராத்திரி வேலைக்குப் போகும் முன் ஒரு படம் பார்க்கலாம் என்று ரிமோட்டும் கையுமாக இருந்தார். மாமா காட்சியைப் போட்டார். மழை, சண்டை, ரயில். மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். காட்சி முடிந்தது. மாமா கண்ணைத் திறந்து, "இதுலயும் இல்ல. டிஸ்க்தான்" என்றார்.

"எது இல்ல மாமா?" என்றார் என் வீட்டுக்காரர். "அந்தச் சாவி விழற சத்தமா? நல்லா கேட்டுச்சே. இந்தப் பக்கம்."

வலது பின்பக்க ஸ்பீக்கரைக் கை நீட்டிக் காட்டினார். அவருக்கு வரிசையும் தெரியாது, சட்டமும் தெரியாது, பரீட்சையில் யார் என்ன சொன்னார்கள் என்பதும் தெரியாது. காது மட்டும் இருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். கடையில் ஆயிரம் பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையைப் படித்துக் காட்டும்போது யார் மனப்பாடமாகச் சொல்கிறார், யார் நிஜமாகப் படிக்கிறார் என்று பார்த்த கண் அது.

"உனக்கு?"

"கேட்டுது மாமா." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கும் கேட்டுது."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, டிஸ்கைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கடையில் வாடிக்கையாளருக்கு விளக்குகிற அதே குரலில் சொன்னார்:

"ரெண்டு கண்ணாடி போட்டும் ஒருத்தனுக்குத் தெரியலைன்னா, கோளாறு கண்ணாடில இல்ல."

பிறகு சட்டென்று எழுந்தார். "நூலகத்து அம்மா" என்றார். "அந்தத் தொண்டை ஆபரேஷன் ஆளு. அந்தப் பொண்ணு." விரலை மடக்கினார். "எல்லாரும் மெதுவா பேசறவங்க. இது தெளிவா இருக்கான்னு நான் கேட்டப்ப அவங்க சொன்னது எனக்கு எங்க கேட்டுது? நானா ஊகிச்சுப் போட்டிருக்கேன்." நாலாவதாகக் கண்ணாடியைத் திருப்பித் தந்தது யார் என்று நான் கேட்கவில்லை. அதுவும் தன் காதின் வேலைதான் என்று மாமாவுக்குப் புரிந்துவிட்டது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. கோணல் என்று சொல்லப்பட்ட கூடம், பாவம், லென்ஸ் அண்ணன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவர் நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். லென்ஸ் அண்ணன் வீடு மூன்று தெரு தள்ளி. அவர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் கதவைத் திறந்தார். என்ன இருந்தாலும் ஸ்பீக்கரை மாட்டத்தான் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடு. மாசக் கடைசியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கோளாறு உன் மெஷின்ல இல்ல."

"அப்புறம் எதுல சார்?"

மாமா தன் காதைத் தொட்டுக் காட்டினார். லென்ஸ் அண்ணன் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, "உள்ள வாங்க சார்" என்றதுதான். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராக அத்தையிடம் போனேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அன்று பரீட்சையில் உனக்குக் கேட்டதுதானே என்று கேட்டேன்.

"கேக்காம என்ன. தெரு முனையில கேட்டிருக்கும்."

"அப்புறம் ஏன் அத்தை?"

அவள் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். இரண்டு வருடமாகச் சொல்கிறாளாம், காதைப் போய்க் காட்டுங்கள் என்று. நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய் என்பாராம் மாமா. ஒரு தடவை குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, இன்னும் விசில் வரவில்லையே என்று கேட்டாராம். "மனுஷி சொன்னா அவர் நம்ப மாட்டாருடி. மெஷின் சொன்னாத்தான் நம்புவாரு. புது மெஷின்லயும் கேக்கலைன்னு ஆகணும், அப்பத்தான் புத்தி காதுப் பக்கம் திரும்பும். அதான் வாங்க விட்டேன்."

"அதுக்கு ஒரு ஹோம் தியேட்டரேவா?"

"காது டாக்டர்கிட்ட போற பஸ்ஸுக்கு டிக்கெட் கொஞ்சம் விலை ஜாஸ்தி. அவ்வளவுதான்."

லென்ஸ் அண்ணன் விஷயம் இவ்வளவு தூரம் போகும் என்று தான் நினைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள். இருவரும் சொன்னது ஒரே பொய்தான். ஆனால் அவள் சொன்னது மாமாவுக்காக. நான் சொன்னது ஒரு ஸ்பீக்கருக்காக. அந்த வாரம் முழுக்க என் வீட்டில் புதிதாக வந்த செட்டை நான் போடவே இல்லை. என் வீட்டுக்காரர் ஏன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, தானே போட்டுக்கொண்டார்.

காதுச் சோதனையில் மாமாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்களாம். மாமாவுக்கு அந்தச் சோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. முப்பத்திரண்டு வருடமாகத் தான் செய்வதைத் தனக்கு ஒருவர் செய்கிறார் என்று பூரித்து, எந்தச் சத்தத்தில் பட்டனை அழுத்தாமல் விட்டேன் என்று விசாரித்து, வரைபடத்தை வாங்கிக்கொண்டு வந்தார். உச்ச ஸ்தாயியில் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தது. மணி, சாவி, பறவை, மெதுவாகப் பேசுகிறவர்களின் வார்த்தை முனைகள், எல்லாம் அந்தப் பள்ளத்தில் விழுந்திருந்தன.

காதுக் கருவி வாங்க வேண்டும் என்றதும் பழைய மாமா திரும்பி வந்துவிட்டார். பேட்டரி போடுவதா, சார்ஜ் செய்வதா? டிவியோடு நேரடியாகச் சேர்வது எது? கூட்டத்தில் ஒருவர் குரலை மட்டும் பிரித்துக் கொடுக்கும் புது வகை அடுத்த வருடம் வருகிறதாம், அதுவரை பொறுத்தால் என்ன? இப்படியே பத்து நாள் ஓடியது. ஒரு நாள் காலை, மேசையில் நாலு நிறுவனங்களின் விளம்பரத் தாளைப் பரப்பிவைத்துக்கொண்டு அவர் இதையே பேச, அத்தை காபிக் கோப்பையை அந்தத் தாள்களின் நடுவில் வைத்தாள்.

"இந்த வருஷம் நான் பேசறதை அடுத்த வருஷம் கேட்டுக்கறதா உத்தேசமா?"

அன்று மத்தியானமே வாங்கினார். இரண்டு காதுக்கும்.

முதல் வாரம் எங்களுக்குத் திருவிழா, அவருக்குக் கலவரம். செய்தித்தாளைப் புரட்டினால் காது கிழிகிறது என்றார். தன் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று ஏன் யாரும் சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்தார். என் வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றபடியே, "உள்ள குழாய் சொட்டுது பாரு" என்றார். நூலகத்து அம்மாளையும் மற்ற மூவரையும் திரும்ப வரச்சொல்லி, மறுபடி சோதித்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொடுத்தார். கூச்ச சுபாவமுள்ள அந்தப் பெண், "ரெண்டாவதுதான் தெளிவா இருக்கு" என்று வழக்கம்போல வாய்க்குள் சொன்னதும், மாமா அப்படியே நின்றுவிட்டதாக லென்ஸ் அண்ணன் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாராம், சந்தேகத்துக்காக இல்லை, சும்மா கேட்பதற்காக.

என்னிடம் அவர் அந்தப் பொய்யைப் பற்றிப் பேசவே இல்லை. நானாக ஒரு நாள் பேச்செடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அவர் கையை அமர்த்தினார். "சோதிக்கிறவன் ஆசையை முகத்துல காட்டினா, படிக்கிறவன் அவனுக்கு ஏத்த மாதிரிதான் படிப்பான். தப்பு அட்டையை மாட்டின விதத்துல" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருடம் பரீட்சையின் விதிகளை மாற்றப்போவதாகச் சொன்னார்.

மாற்றினார். வருடத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தன, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி. கேட்டவர்கள் கேட்ட நொடியில் கையைத் தூக்க வேண்டும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என் வீட்டுக்காரரும் அந்த வருடம் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருந்தார். செட் பாஸானால் வரிசை இன்னும் எத்தனை வருடம் நகராது என்று தம்பி வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். லென்ஸ் அண்ணன் என் இடது பக்கம். மாமா என் வலது பக்கம், காதில் இரண்டு கருவிகளோடு, இரும்புச் சட்டம் மெல்ல நடுங்கும்படி உட்கார்ந்திருந்தார்.

மழை கூரையில் இறங்கியது. இருவரும் சண்டை போட்டார்கள். ரயில் வந்தது, தலைக்கு மேல் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது.  கடைசிப் பெட்டி போனது. சாவிக்கொத்து விழுந்தது.

நான் சட்டென்று கையைத் தூக்கினேன். மாமாவின் கை எனக்கு முன்பே மேலே இருந்தது.